பின்னால் ஊற்றிய தண்ணீர்

தண்ணீர் முதலில் தேடி வந்தது ரொட்டிக்கடை மன்சூரைத்தான். நவம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, இரண்டாவது அடுப்பு ரொட்டியை எடுத்து அடுக்கிவிட்டு மாடிக்குப் போய்த் தேநீர் குடிக்க அவன் உட்கார்ந்த நேரத்தில், அது கதவுக்கு அடியில் புகுந்து, தரை விரிப்பை நனைக்காமல் ஓரமாகச் சுற்றி வந்து, அவனுடைய இடது கணுக்காலைப் பிடித்துக் கீழே சாய்த்து, பதினேழு படிகளிலும் ஒரு படி விடாமல் அவன் தலையை மோதவைத்து இறக்கி, முன்பற்கள் நான்கைக் கழற்றி எறிந்து, தெருவுக்குக் கொண்டுவந்து, கிழக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. மொத்தம் ஒரு கிண்ணம் தண்ணீர்தான். ஒரு கிண்ணம் என்றால் நாம் ரசம் ஊற்றிக் குடிக்கிற அளவு. மன்சூர் நூற்றுப் பத்து கிலோ.

அதிசயம், அதிசயம் என்று தெருவில் யாரும் கூவவில்லை. செங்கல் தெரு ஜெர்மனியின் வடக்குக் கரையில் ஒரு துறைமுக ஊரில், சரக்குக் கிடங்குகளுக்குப் பின்புறம் இருக்கிறது. அதில் ராஜாவை நம்பியிருந்து ஓடி வந்த ஈரானியர்கள் ஒரு வரிசை. அந்த ராஜாவை விரட்டப் போராடி, விரட்டி முடித்து, அடுத்து வந்தவர்களிடமிருந்து ஓடி வந்த ஈரானியர்கள் எதிர் வரிசை. முப்பது வருஷமாக, ஒரே ஒருவர் விஷயத்தைத் தவிர, ஒரு வரிசைக்காரர் மறு வரிசைக்காரர் வீட்டில் தேநீர் குடித்ததில்லை. ஆனால் அன்று காலை இரண்டு வரிசையும் சன்னலைத் திறந்து பார்த்தபோது, இரண்டு வரிசைக்கும் அது என்ன தண்ணீர் என்று தெரிந்தது. மேலே ஒரு புதினா இலை மிதந்துகொண்டிருந்ததல்லவா, அது போதும்.

நம்மூரில் கிளம்புகிறவன் 'போறேன்' என்று சொல்லக்கூடாது, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். வாயாலேயே வரவை முடிந்து அனுப்பி வைக்கிறோம். அவர்களுக்கு அந்த வேலையைச் செய்வது தண்ணீர். பிள்ளை பெட்டியோடு வாசலைத் தாண்டியதும், பெற்றவளோ கூடப் பிறந்தவளோ ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு பச்சை இலையைக் கிள்ளிப் போட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் தரையில் வீசி ஊற்றுவாள். ஊற்றினால் போனவன் திரும்பி வருவான். இந்தத் தெருவில் உள்ளவர்கள் கிளம்பிய அன்றும் அப்படித்தான் ஊற்றினார்கள், ஊற்றிவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய் அழுதார்கள், அதற்கப்புறம் அந்தத் தண்ணீர் என்ன ஆயிற்று என்று நாற்பது வருஷமாக ஒருவரும் யோசிக்கவில்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. பாலைவனத்துக்கு அடியிலும் மலைக்கு அடியிலும் எல்லைக் கம்பி வேலிகளுக்கு அடியிலும், பாஸ்போர்ட் கேட்கிறவன் இல்லாத வழியாகவே நடந்து நடந்து, நடந்த கோபம் முழுவதையும் சேர்த்து வைத்துக்கொண்டு, வந்து சேர்ந்தது.

மன்சூரின் மனைவி ஸோரே செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே ஓடினாள். தண்ணீர் அவனை டிராம் நிறுத்தம் வரை இழுத்துப் போய்விட்டது. ஓடிக்கொண்டே அவள் ஈரானிலிருக்கிற மாமியாருக்கு ஃபோன் போட்டாள். அந்த அம்மாளுக்கு வயது தொண்ணூற்றொன்று.

"அத்தை, தண்ணி வந்து அவரை இழுத்துட்டுப் போகுது! மேல புதினா இலை மிதக்குது!"

"அது நான் ஊத்தினதுடி," என்றாள் மாமியார். "அன்னிக்குக் கைக்குப் புதினாதான் கெடச்சுது. இப்பதான் வந்து சேர்ந்துச்சா? பாவம், நடந்தே வந்திருக்கு."

"அத்தை, அவருக்குப் பல்லு போச்சு! விடச் சொல்லுங்க!"

"யாரு ஊத்தினாங்களோ அவங்ககிட்ட கொண்டாந்து ஒப்படைக்காம அது எப்படி விடும்? நான் இருக்கிற பக்கமாத்தான் இழுக்கும். ஃபோனை அதுகிட்ட புடி."

ஸோரே டிராம் தண்டவாளத்தின்மேல் மண்டியிட்டு ஃபோனைத் தண்ணீரருகே பிடித்தாள். "வந்துட்டியா கண்ணு? வா, வா, உள்ள வா, உன் ஈரலைத் திங்க," என்றாள் தாய். அவர்கள் ஊரில் பிள்ளையைக் கொஞ்சுவதே அப்படித்தான். அந்த நொடியே தண்ணீர் மன்சூரின் காலை விட்டது. விட்டதும் சாதாரணத் தண்ணீராகிச் சாக்கடைக்குள் இறங்கிவிட்டது. மன்சூர் வாயெல்லாம் ரத்தமாக உட்கார்ந்து, ஐம்பத்தெட்டு வயதில், அம்மா அம்மா என்று அழுதான்.

இரண்டாவதாகத் தையல்காரர் இஸ்கந்தரைத் தேடி வந்தது. அவருடைய தாய் இறந்து பதினெட்டு வருஷம். ஃபோன் போட்டு யாரைக் கூப்பிடுவது? நான்கு பேர் சேர்ந்து அவருடைய கைகளைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு கை தோளிலிருந்து கழன்றதுதான் மிச்சம். தண்ணீர் அவரை ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிழக்குத் துறைக்கு இழுத்துப் போய், நேராகக் கடலில் இறக்கியது. பொழுது சாய உடலைக் கண்டெடுத்தபோது, கருங்கல் கரையைப் பற்றிப் பார்த்ததில் அவருடைய பத்து விரல் நகங்களும் பிய்ந்திருந்தன. மூக்கு கிழக்கைப் பார்த்திருந்தது.

அதிலிருந்து ராஜா வரிசை, எதிர் வரிசை என்ற பழைய பிரிவினை போய், அம்மா இருக்கிறவர்கள், அம்மா போனவர்கள் என்று தெரு புதிதாக இரண்டானது. அம்மா இருக்கிறவர்கள் ஃபோனைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நடமாடினார்கள். அம்மா போனவர்கள் சுவரிலிருக்கும் ஹீட்டர் குழாயோடு தங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கட்டிக்கொண்டவர்களைத் தண்ணீர் மூன்று நாள் வைத்து அடிக்கும். இழுக்கும், முறுக்கும், சுவரில் மோதும், விலா எலும்பை ஒடிக்கும், பிறகு ஆற்றாமையோடு ஆவியாகிப் போகும். போன பிறகு அந்த அறையில் வெயிலில் காய்ந்த மண்சுவர் நனைந்த வாசனை ஒரு வாரத்துக்கு நிற்கும். அடி வாங்கினவர்கள் அந்த வாசனைக்காகச் சன்னலைத் திறக்காமல் படுத்திருந்தார்கள்.

மனித ஜாதி எதற்கும் பழகிவிடும் என்பதற்கு இந்தத் தெருவைக் கூட்டிப்போய்க் காட்டலாம். ஒரு மாதத்துக்குள் காயம் என்பது அங்கே கௌரவமாகிவிட்டது. ஒடிந்த விலாவைக் கட்டிக்கொண்டு தெருச் சங்கக் கூட்டத்துக்கு வருகிறவருக்கு முன் வரிசை நாற்காலி; காயமில்லாதவர்கள் கடைசியில் நின்றார்கள். நகராட்சியிலிருந்து வந்த ஆள் குழாய்க் கசிவு என்று எழுதிக்கொண்டு போனார், அவரை யாரும் மறுத்துப் பேசவில்லை. தண்ணீர் வராத வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் மாவு தேய்க்கிற கட்டையால் தங்கள் முதுகில் தாங்களே அடித்துக்கொண்டு, வந்தது, எங்களுக்கும் வந்தது என்று சொல்லித் திரிந்ததும் நடந்தது. நீ திரும்பி வர வேண்டும் என்று உலகத்தில் ஓர் ஆள்கூட நினைக்கவில்லை என்பதைத் தாங்குவதைவிட முதுகு வலி பெரிதில்லை போலிருக்கிறது.

பரிவாஷின் வாசல் கடைசிவரை காய்ந்துதான் கிடந்தது.

அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ராஜாவுக்கு எதிர் வரிசையில் கீழ் வீட்டில் தனியாக இருந்தாள், பள்ளிச் சமையற்கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். தெருவே அவளைப் பார்த்து உச்சுக் கொட்டியது. அவள் மட்டும் எந்தத் தண்ணீருக்கும் காத்திருக்கவில்லை. தான் ஊற்றிய தண்ணீர் மூன்றாம் நாளே போய்ச் சேர்ந்து, அது செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டது என்று நாற்பத்திரண்டு வருஷமாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையைச் சுமந்துகொண்டுதான் காலையில் எழுந்தாள், அதைச் சுமந்துகொண்டுதான் படுத்தாள். இதைத் தெருவில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

நடந்தது இதுதான். யஸ்து நகரம், பாலைவனத்து ஓரம், ஜூலை மாதம், அவளுக்குப் பதினேழு வயது. முற்றத்தில் உட்கார்ந்து செம்புக் கிண்ணத்தில் புளிப்புச் செர்ரிப் பழங்களை அலசிக்கொண்டிருந்தாள். நசுங்கின பழத்தின் சாறு இறங்கித் தண்ணீர் சிவந்திருந்தது. அப்போது ராஜாவுக்கு அடுத்து வந்தவர்களின் காவலாட்கள் நான்கு பேர் ஜீப்பில் வந்து மூத்த அண்ணன் ஹூஷங்கைத் துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்து, முடியைப் பிடித்து இழுத்து, வண்டியில் ஏற்றினார்கள். அம்மா மயங்கி விழுந்துவிட்டாள். வீட்டை விட்டு ஒரு ஆள் போகிறான், பின்னால் தண்ணீர் ஊற்ற யாரும் இல்லை. பரிவாஷுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. கையிலிருந்த கிண்ணத்தோடு தெருவுக்கு ஓடி, கிளம்பிய ஜீப்புக்குப் பின்னால் சிவப்புத் தண்ணீரை வீசி ஊற்றினாள். பாதி தெருவில் விழுந்தது, பாதி வண்டியின் பின்பக்கத்தில் தெறித்து வழிந்தது.

மூன்றாம் நாள் ஜீப் திரும்பி வந்தது. ஹூஷங் அதில் இல்லை. அதே நான்கு பேர் இருந்தார்கள். வந்து, இளைய அண்ணன் நாதெரைக் கொண்டுபோனார்கள். அண்ணன் போனான் என்று நினைத்து அவள் ஊற்றினாள். அந்த வண்டியில் அவனோடு நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அவள் யோசிக்கவில்லை. அம்மா அவளைப் பார்த்து, "நீதானே ஊத்தின," என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். இரண்டு பிள்ளைகளின் உடலும் வரவில்லை, எங்கே புதைத்தார்கள் என்ற சேதியும் வரவில்லை. அடுத்த வருஷம் ஆட்டு மந்தைக்காரர்களோடு மலையைத் தாண்டி ஓடப் பரிவாஷ் கிளம்பியபோது, அம்மா அந்தச் செம்புக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "நீயாவது வராதே," என்றாள். அவளும் இறந்து, அந்த வீடும் இடிக்கப்பட்டு, மேலே தார்ச்சாலை போட்டாகிவிட்டது.

தெருவில் காய்ந்த வாசல் இன்னொன்றும் இருந்தது. அது மளிகைக்கடை ஜஹாங்கிருடையது. அவர் இந்தத் தெருவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். அண்ணன் என்றால் தெருவில் அது அவர் ஒருவர்தான்; இரண்டு வரிசைக்காரர்களும் தேநீர் குடிக்கிற ஒரே வீடு அவருடையது. இந்தத் தண்ணீர் காலத்தில் அவர் இல்லாவிட்டால் பாதிப் பேர் செத்திருப்பார்கள். கயிறு கொண்டுவந்து, வலிக்காத மாதிரி, அதே சமயம் அவிழாத மாதிரி, ஆட்களைக் கட்டிப் போட்டது அவர்தான். அவ்வளவு நேர்த்தியாகக் கட்ட எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஒடிந்த எலும்புக்குத் தட்டை வைத்ததும், இஸ்கந்தரைக் குளிப்பாட்டிக் கோடித் துணி சுற்றியதும் அவர்தான். அவருடைய கடையில் இல்லாத ஈரானியப் பண்டம் கிடையாது, புளிப்புச் செர்ரியைத் தவிர. கேட்டால், "அதோட கறை துணியில பட்டா போகாதும்மா, எனக்குப் புடிக்காது," என்பார்.

வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பொட்டலம் உலர்ந்த எலுமிச்சையோடு பரிவாஷ் வீட்டுக்கு வருவார். இரண்டு அண்ணன்களைப் பறிகொடுத்தவளுக்கு அவர் மூன்றாவது அண்ணன். ஹூஷங்கைப் பற்றியும் நாதெரைப் பற்றியும் அவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள், ஊற்றிய தண்ணீரைத் தவிர மற்ற எல்லாவற்றையும். கேட்கும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதிருக்கிறார்.

"தெருவுல நம்ம ரெண்டு பேர் வாசல்தான் காஞ்சு கெடக்கு," என்றார் அந்த ஜனவரி வெள்ளிக்கிழமை, பொட்டலத்தை மேஜையில் வைத்து.

"உங்களுக்கு யாருமே ஊத்தலையாண்ணா?"

"எனக்கு யாரு இருந்தா ஊத்துறதுக்கு? உனக்கு வரும் பாரு."

"எனக்கு வர வேண்டியது எப்பவோ வந்துடுச்சுண்ணா," என்று சொல்லிவிட்டாள். எப்படியோ வாயில் வந்துவிட்டது. என்ன வந்தது, எப்போது வந்தது என்று உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று எழுந்து போனார். அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். ராஜா வரிசையில் மளிகைக்கடைக்கு மேல் மூன்றாம் மாடியிலிருந்து ஒரு கண்ணாடி உடைந்து தெருவில் விழுந்தது. அடுத்து ஓர் அலறல் கேட்டது. அந்தத் தெரு இரண்டு மாதமாக எத்தனையோ அலறல் கேட்டுப் பழகியதுதான், ஆனாலும் அண்ணனுடைய அலறலை அதுவரை கேட்டதில்லை. மன்சூர் ரொட்டி எடுக்கிற நீளக் கட்டைத் துடுப்போடு கடையிலிருந்து ஓடி வந்தான். ஸோரே கயிறு எடுத்து வந்தாள். அண்ணனுக்கும் வந்துடுச்சு, அண்ணனுக்கும் வந்துடுச்சு என்று வீட்டுக்கு வீடு சத்தம் போயிற்று. அதில் பாதி பயம், பாதி சந்தோஷம். இவ்வளவு நல்ல மனிதர் திரும்பி வரவேண்டும் என்று நினைக்க ஓர் ஆள் இருந்திருக்கிறாரே என்ற சந்தோஷம்.

ஜஹாங்கிர் படிக்கட்டு வாசல் வழியாகக் கால் முன்னால், தலை பின்னால் என்று வெளியே வந்தார். இடது முழங்கால் தப்பான பக்கமாக மடங்கியிருந்தது. காது ஒன்று பாதி பிய்ந்து தொங்கியது. தண்ணீர் அவரைத் தெருவில் புரட்டிப் போட்டது. கிழக்கே இழுக்கப் போகிறது என்று எண்ணி ஆட்கள் கிழக்குப் பக்கம் போய்க் கைகோர்த்து மறித்து நின்றார்கள். தண்ணீர் கிழக்கே போகவில்லை. தெருவைக் குறுக்கே கடந்து, அவருடைய முகம் செங்கல்லில் தேயத் தேய இழுத்துக்கொண்டு, எதிர் வரிசைக்கு, பரிவாஷ் வீட்டுக்கு வந்தது. வாசற்படியில் அவரைக் குப்புறப் போட்டு, முதுகில் ஏறி, மூக்கும் வாயும் முங்குகிற அளவு அவர் முகத்தைச் சுற்றிக் குளம் கட்டி நின்றது.

பரிவாஷ் கதவைத் திறந்தாள். கையில் தேநீர்க் கெட்டில் இருந்தது.

வாசலில் தண்ணீர் சிவப்பாக இருந்தது. ரத்தம் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். அதில் மூன்று செர்ரிப் பழங்கள் மிதந்தன, அப்போதுதான் அலசிய மாதிரி, ஒன்றில் காம்புகூட இருந்தது.

கெட்டில் கீழே விழுந்து வெந்நீர் அவள் பாதத்தில் கொட்டியது. அவளுக்குச் சுடவில்லை. அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், பதினேழு வயதுப் பெண் போடுகிற மாதிரி விரல் விட்டு. இந்தத் தண்ணீர் இன்றைக்குத்தான் வந்து சேர்கிறது. இன்றைக்குத்தான் வருகிறது என்றால், அன்றைக்கு மூன்றாம் நாள் அவர்களைக் கூட்டிவந்தது இது இல்லை. நான் இல்லை. நாதெரைக் கொண்டுபோக அவர்களை நான் கூப்பிடவில்லை. நாற்பத்திரண்டு வருஷம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நெஞ்சிலிருந்து ஒரு பாறை புரண்டு விழுந்த இடத்தில் முதலில் வலிதான் வந்தது. அந்த வலி தீர்வதற்குள் அடுத்தது புரிந்தது: அப்படியானால் இந்த மனிதன் அந்த ஜீப்பில் இருந்தவன்.

"என்னக்கா, எதுக்கு உங்க வீட்டுக்கு இழுத்துட்டு வந்துச்சு?" என்றான் மன்சூர், மூச்சு வாங்க.

"இது நான் ஊத்தின தண்ணி."

"அண்ணனுக்கா? நீங்க எப்ப..."

"ஹூஷங்கைக் கொண்டுபோன ஜீப்புக்கு ஊத்தினேன். ஊத்தினவகிட்ட கொண்டாந்து விட்டிருக்கு."

சொன்னது ஒவ்வொருவருக்கும் புரிந்தது. இரண்டு மாதமாக ஜஹாங்கிரின் கைகளால் கட்டு போடப்பட்டவர்கள் அங்கே நின்றிருந்தார்கள். மன்சூர் கட்டைத் துடுப்பைத் தலைக்கு மேலே தூக்கி ஜஹாங்கிரின் தோளில் இறக்கினான்; எலும்பு ஒடிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அப்புறம் யார் அடித்தார்கள், யார் அடிக்கவில்லை என்று கணக்கில்லை. இரண்டு வரிசைக்காரர்களும் அடித்தார்கள், செருப்பால் அடித்தார்கள், அவரே கொண்டுவந்து கொடுத்த கயிற்றை மடித்து அடித்தார்கள், ஸோரே அவர் முதுகில் ஏறி மிதித்தாள். முப்பது வருஷத்தில் அந்தத் தெரு ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அது.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் பரிவாஷ். "செத்துட்டா யாரு எனக்குப் பதில் சொல்றது?"

அவர்கள் நிறுத்தினார்கள். தண்ணீர் நிறுத்தவில்லை. ஜஹாங்கிரின் கால்கள் உதறத் தொடங்கியிருந்தன. முகத்தைச் சுற்றிக் குமிழிகள் வந்தன. மன்சூரும் இன்னொருவரும் அவரைத் தூக்கப் பார்த்தார்கள், தலை கல்லோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. தண்ணீர் எப்படி விடும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஊற்றியவள் வாயால் சொல்ல வேண்டும். எல்லோரும் பரிவாஷைப் பார்த்தார்கள்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்தாள். புளிக்க வேண்டிய தண்ணீர் உப்பாகக் கரித்தது. இது முதலில் ஹூஷங்கைத் தேடித்தானே போயிருக்கும் என்று நினைத்தாள். அவனைக் கண்டுபிடித்திருக்கும். இழுத்திருக்கும், வராத ஆளை எத்தனை நாள் இழுத்ததோ, மண்ணோடு எத்தனை நாள் மல்லுக்கட்டியதோ, அந்த மண்ணின் உப்பு ஏறிப் போய், பிறகுதான் மற்ற ஆட்களைத் தேடிக் கிளம்பியிருக்கும். அவளுக்கு அந்தத் தண்ணீரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் குமிழிகள் குறைந்துகொண்டு வந்தன.

தன் அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் வைத்திருந்த சொல்லை, வேறு யாருக்கும் சொல்லிவிடக்கூடாது என்று இத்தனை வருஷம் பூட்டி வைத்திருந்த சொல்லை, அவள் அந்த மனிதனுக்குச் சொன்னாள்.

"வந்துட்டீங்களாண்ணா? வாங்க. உள்ள வாங்க."

தண்ணீர் இறங்கிவிட்டது. வாசற்படியின் இடுக்குகளில் ஓடி, மிதியடியை நனைத்து, ஒன்றுமில்லாத தண்ணீராகிவிட்டது. மூன்று பழங்கள் கல்லில் கிடந்தன. கூட்டத்தில் ஒருவர் அவளைப் பார்த்துக் காறித் துப்பினார். அவள் துடைத்துக்கொள்ளவில்லை, ஜஹாங்கிரின் முடியைப் பிடித்துத் தலையைத் திருப்பி வைத்தாள்.

"நான் யாருன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நீ மொதல் தடவை சொன்னப்பவே," என்றார். ஒரு கண்தான் திறந்திருந்தது. "வண்டி ஓட்டினது நான். எனக்கு இருபத்தோரு வயசு."

"நாதெருக்காக ஏன் திரும்ப வந்தீங்க?"

"ரெண்டு பேர் பேரும் மொத நாளே பட்டியல்ல இருந்துச்சு. வண்டியில எடமில்ல."

"எடமில்லையா?"

"எடமில்ல. அவ்வளவுதான்மா."

பரிவாஷ் சிரித்தாள் என்று ஸோரே பின்னாளில் சொன்னாள். மன்சூர் அது சிரிப்பில்லை என்றான். என்னவோ ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்து, தெருவிலிருந்த நாய்கள் எழுந்து நின்றன.

"ஹூஷங் எங்க?"

"ஊருக்கு வடக்கால. பழைய செங்கல் சூளை. அதுக்குப் பின்னால உப்பு நெலம் இருக்குல்ல, அங்க. சூளைச் சுவர்லேர்ந்து இருபது அடி. நாந்தான் குழி வெட்டினேன்."

உப்பு நிலம். நாக்கில் இன்னும் கரித்துக்கொண்டிருந்தது. பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

"நாதெர்?"

அவருடைய கண் அவள் முகத்திலிருந்து நகர்ந்து, ஓரமாகப் போய், கதவு நிலையில் நின்றது. கடையில் நல்ல சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு தீர்ந்துபோச்சும்மா என்று சொல்லும்போது அவர் கண் போகிற இடம் அதுதான். இருபத்திரண்டு வருஷம் அவரிடம் சாமான் வாங்கியவளுக்குத் தெரியாதா?

"அது எனக்குத் தெரியாது," என்றார். அத்தோடு மயங்கிவிட்டார்.

யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்த இருவரும் இரண்டு மாதமாக அந்தத் தெருவுக்கு வந்து வந்து சலித்தவர்கள்; ஒன்றும் விசாரிக்காமல் கழுத்துக்குப் பட்டை போட்டு, காலுக்குக் கட்டை வைத்து, படுக்கையில் தூக்கி வைத்தார்கள். காகிதத்தில் எழுத வேண்டியவன் மட்டும் சுற்றிப் பார்த்து, இவருக்குச் சொந்தம் யார் என்று கேட்டான். நேற்றுவரை எல்லோரும் கையைத் தூக்கியிருப்பார்கள்.

"என் வீட்டுக்கு வந்தவரு," என்றாள் பரிவாஷ்.

"அவன் இனி திரும்பி வர மாட்டான்க்கா," என்றான் மன்சூர், பல்லில்லாத வாயால் காற்றுப் போக. "ஆஸ்பத்திரியிலேர்ந்தே எங்கயாவது ஓடிடுவான். இங்கயே பேரை மாத்திட்டுத்தான் வந்திருப்பான், இன்னொரு பேருக்கா பஞ்சம்?"

பரிவாஷ் உள்ளே போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் கையில் ஒரு கிண்ணம் இருந்தது. சாதாரணக் கண்ணாடிக் கிண்ணம், அவள் தயிருக்கு உறை ஊற்றுவது. வாசற்படியில் குனிந்து, மூன்று பழங்களையும் பொறுக்கி, காம்போடு இருந்ததைக் கிண்ணத்தில் போட்டாள். மற்ற இரண்டையும் முந்தானையில் வைப்பது போல மேல்சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

கூட்டத்தில் முதலில் புரிந்துகொண்டவள் ஸோரே. "அக்கா, வேண்டாம்," என்றாள், கையைப் பிடித்து. "அந்தாளு உயிரோட இருக்கிற வரைக்கும் அது விடாது. எங்க போனாலும் தேடிப் போகும். இழுத்து இழுத்துக் கொண்டாந்து உங்க வாசல்ல போடும்."

"தெரியும்."

"வர எத்தனை வருஷமாகுமோ!"

"நான் இங்கதான் இருப்பேன்," என்றாள் பரிவாஷ். "இன்னொருத்தன் எங்கன்னு இன்னும் சொல்லலையே அவரு."

ஆம்புலன்ஸ் கிளம்பியது. தெரு விலகி வழிவிட்டது. பரிவாஷ் வெந்நீர் பட்டுக் கொப்பளித்த காலோடு நடுத்தெருவுக்கு நடந்து போய் வண்டிக்குப் பின்னால் நின்றாள். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள்: முன்னால் இரண்டு ஜெர்மன்காரர்கள், இது அவர்களுக்கு இல்லை, பின்னால் படுக்கையில் ஒரே ஒரு ஆள். அவனுடைய தலையை, பிய்ந்த காதை, மூடிய கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டாள். பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல், அவனுக்குப் பின்னால் ஊற்றினாள்.